குடியிருப்புக்கு செக்யூரிட்டி ஏஜென்சி எடுக்கும்போது எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? (லைசென்ஸ், பயிற்சி, 12 மணி நேர டியூட்டி, தெரு ரோந்து)

கிழக்குத்தாம்பரம்_செயலர்

வணக்கம். தாம்பரம் பக்கம் 84 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலர் நான். முன்வாசல், பின்வாசல், கார் நிறுத்துமிடம் என்று மூன்று இடங்கள். பகலுக்கு மூன்று பேர், இரவுக்கு மூன்று பேர், ஆளுக்கு 12 மணி நேரம். ஏஜென்சி ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதிதாக விலை கேட்டதில், ஓர் ஆளுக்கு மாதம் 18,500 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட, என்று ஒருவர் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் 33,000 கேட்கிறார். வேலை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

குறைந்த விலைக்கே கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பலர் சொல்கிறார்கள். ஏஜென்சியே வேண்டாம், நேரடியாக ஆள் வைத்துக்கொள்வோம் என்று ஒருவர். பக்கத்துத் தெரு நலச்சங்கம் வேறு, இரவு ரோந்துக்கு பைக்கில் ஆள் போடுகிறோம், செலவைப் பங்கு போடலாமா என்று கேட்கிறது. சட்டப்படி நாம் என்ன பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேபர்கோர்ட்_வக்கீல்

செயலர் சார், முதலில் லைசென்ஸ். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. எல்லோரும் பசாரா என்று சொல்வது இதைத்தான். மத்திய அரசின் சட்டம், ஆனால் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். தமிழ்நாட்டுக்கான விதிகள் 2008ல் வந்தன. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: லைசென்ஸ் மாவட்டக் கணக்கில் கிடைக்கும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000. ஐந்து மாவட்டங்கள் வரை 10,000. மாநிலம் முழுக்க 25,000. ஐந்து வருடம் செல்லும். உங்கள் இடம் செங்கல்பட்டு மாவட்டம். 2019ல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. சென்னைக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் தாம்பரத்தில் ஆள் போட முடியாது. பெங்களூரு நிறுவனம் கர்நாடக லைசென்ஸைக் காட்டினாலும் இங்கே செல்லாது. அதனால் நகல் கொடுத்துவிட்டார்கள் என்று ஃபைலில் போட்டு மூடிவிடாதீர்கள். மாவட்டப் பெயரையும் முடிவுத் தேதியையும் படியுங்கள். உள்துறை அமைச்சகத்தின் பசாரா இணையதளத்திலும் சரிபாருங்கள்.

அடுத்தது சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஒவ்வொரு ஏஜென்சியும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அதில் காவலர்களின் பெயர், முகவரி, புகைப்படம், சம்பளம், எந்தெந்த வாடிக்கையாளரிடம் ஆள் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். சம்பளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இவர்கள் ஆளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது ரகசியம் கிடையாது, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி கேட்டால் காட்டியாக வேண்டிய விஷயம். நீங்களும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

சிட்லபாக்கம்_ஓய்வூதியர்

ஐயா, சட்டமெல்லாம் சரி. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் இருநூறு ரூபாய் ஏறினாலே கூட்டத்தில் சண்டை வருகிறது. 18,500க்கு ஓர் ஏஜென்சி வருகிறது, லைசென்ஸும் வைத்திருக்கிறது என்றால் அதை எடுப்பதில் என்ன தவறு? அவர்கள் உள்ளே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவர்கள் பொறுப்பு அல்லவா?

கோவை_ஏஜென்சி

ஐயா, நான் கோவையில் சிறிய ஏஜென்சி நடத்துகிறேன். உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்வதுதான் முறை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அரசு அறிவித்த தொகை அல்ல, கணக்குக்காக எடுத்த எண். நடப்புக் குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். இந்த 15,000 எட்டு மணி நேர வேலைக்கு.

முதலாளி பங்கு பிஎஃப், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,950. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம்: 488. போனஸ் 8.33 சதவீதம்: 1,250. இதுவரை 18,688. வாரம் ஒரு நாள் அவருக்கு லீவு கொடுத்து மாற்று ஆள் போட வேண்டும், அதற்கு ஆறில் ஒரு பங்கு, 3,115. ஆக 21,803. என்னுடைய சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் வைத்தால் 23,547. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 27,785.

எட்டு மணி நேரத்துக்கே இவ்வளவு. உங்களுக்கு வந்த 18,500ல் ஜிஎஸ்டியைக் கழித்தால் மிஞ்சுவது 15,678. அதற்குள் ஏஜென்சி லாபம், யூனிஃபார்ம், சூப்பர்வைசர், எல்லாம். 12 மணி நேரம் நின்றவர் கைக்கு என்ன போகும் என்று நீங்களே பாருங்கள். பிஎஃப் கட்ட மாட்டார்கள், அல்லது பத்துப் பேருக்குக் கட்டி நாற்பது பேரை ஓட்டுவார்கள். மாற்று ஆள் இருக்காது. ஒருவர் வராவிட்டால் இரவு ஆளையே பகலிலும் நிறுத்துவார்கள். நேர்மையாகக் கணக்குக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த விலையோடு போட்டி போட முடியாமல் ஒவ்வோர் இடமாக இழந்துகொண்டிருக்கிறோம். இந்தத் தொழிலைக் கெடுப்பது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லேபர்கோர்ட்_வக்கீல்

கோவை நண்பர் சொன்னதோடு ஒன்று. பசாரா சட்டத்தின் பின்னிணைப்பில் தொழிலாளர் சட்டங்களின் பட்டியல் இருக்கிறது: சம்பளப் பட்டுவாடாச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிஎஃப் சட்டம், போனஸ், பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்று போகும். இவற்றை மீறினால் லைசென்ஸையே ரத்து செய்யலாம் என்கிறது 13ஆவது பிரிவு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால் பழைய பெயர்கள் மாறும், ஆனால் நோக்கம் அதேதான். காவலரின் கூலியும் லைசென்ஸும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. "லைசென்ஸ் இருக்கிறது, சம்பளம் அவர்கள் பாடு" என்று ஓய்வூதியர் ஐயா பிரித்துப் பார்ப்பதைச் சட்டம் ஏற்கவில்லை.

12 மணி நேர டியூட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வேலை நேரம் 8 மணி. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. அப்படியானால் 12 மணி நேரம் நிற்பவருக்கு 8 மணி சாதாரணக் கூலி, மிச்ச 4 மணிக்கு 8 மணி நேரக் கூலி, ஆக 16 மணி நேரக் கூலி. ஓர் இடத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஆள் என்றால் 32 மணி நேரக் கூலி. அதே இடத்தில் எட்டு மணி நேர ஷிப்ட்டாக மூன்று பேரைப் போட்டால் 24 மணி நேரக் கூலிதான். சட்டப்படி கொடுத்தால் மூன்று ஷிப்ட்தான் மலிவு. இரண்டு ஷிப்ட் மலிவாகத் தெரிகிறது என்றால், ஓவர்டைம் யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்த யாரோ உங்கள் வாசலில் நிற்கிறார்.

நைட்_டியூட்டி

இந்த இழையை ஒருவர் அனுப்பி வைத்தார். நான் செக்யூரிட்டி வேலைதான் பார்க்கிறேன். எந்த ஊர், எந்த ஏஜென்சி என்று சொல்ல விரும்பவில்லை.

பயிற்சி என்று எதுவும் எங்களுக்கு நடக்கவில்லை. யூனிஃபார்ம் கொடுத்தார்கள், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். ரெஜிஸ்டரைக் காட்டி வண்டி நம்பர் எழுதச் சொன்னார்கள். அன்று ராத்திரியே டியூட்டி. தீயணைப்பானை எப்படி எடுத்து அடிப்பது என்று மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பி சொல்லிக் கொடுத்துத்தான் எனக்குத் தெரியும்.

பகல் ஆள் வரவில்லை என்றால் நானேதான் தொடர்ந்து நிற்க வேண்டும். 24 மணி நேரம், சில சமயம் மறுநாள் இரவும் சேர்த்து 36 மணி நேரம். அதற்குப் பிறகு நான் தூங்கிவிட்டால் சிசிடிவியில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். அந்த மனிதர் எப்போது டியூட்டிக்கு வந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வக்கீல் சார் சொல்லும் எட்டு மணி நேரம் நல்லதுதான். ஆனால் எங்களோடு வேலை செய்கிற பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் எட்டு மணி நேரச் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன அனுப்புவார்கள்? 12 மணி நேரம் வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். எட்டு மணி ஷிப்ட் ஆனால் இன்னொரு இடத்தில் போய் இன்னொரு எட்டு மணி நிற்பார்கள். அதையும் யோசியுங்கள். அப்புறம் கழிவறை. எங்களுக்கு என்று ஒன்றைத் திறந்து விடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அதையும் எழுதலாமா?

கிழக்குத்தாம்பரம்_செயலர்

எழுதலாம் அண்ணா, எழுதுகிறேன். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுநர்களுக்கான கழிவறை பூட்டித்தான் கிடக்கிறது. நாளைக்கே சாவி கொடுக்கச் சொல்கிறேன். நாற்காலி, குடிநீர், மின்விசிறி இவையும் சேர்கின்றன. நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி.

சேலையூர்_அம்மா

உட்காரும் விஷயத்தில் ஒரு தகவல். 2021ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதை வைத்து வந்த திருத்தம் அது. குடியிருப்புக்கு நேரடியாகப் பொருந்துமோ பொருந்தாதோ, நாற்காலி போட நமக்குச் சட்டம் எதற்கு?

பழைய_ஹவில்தார்

பயிற்சி பற்றி நைட் டியூட்டி தம்பி எழுதியதைப் படித்து மனசு கேட்கவில்லை. ராணுவத்திலிருந்து வந்த பிறகு செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தேன், பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். விதியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி. குறைந்தது 20 வேலை நாட்களில் பரவலாக நடக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர், போலீஸ்காரர்களுக்கு மட்டும் சுருக்கமாக 40 மணி வகுப்பு, 16 மணி களம், குறைந்தது 7 நாள். பாடத்தில் தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டை பார்ப்பது, இதெல்லாம் வரும். ராத்திரி யூனிஃபார்ம் கொடுத்து ராத்திரியே வாசலில் நிறுத்துவது சட்டத்தில் கிடையாது.

வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், 65க்குள் இருக்க வேண்டும். ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 150. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். நிறக்குருடு கூடாது. 12 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. 15 காவலர்களுக்குக் குறைந்தது ஒரு சூப்பர்வைசர், ஆட்கள் வெவ்வேறு கட்டிடங்களில் சிதறி நின்றால் ஆறு பேருக்கு ஒருவர். உங்கள் வாசலுக்கு சூப்பர்வைசர் கடைசியாக எப்போது வந்தார் என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் பாருங்கள்.

உடுப்பு பற்றியும் விதி இருக்கிறது. ஏஜென்சி பெயர் தெரியும் கை பட்டை, கயிறு கட்டிய விசில், லேஸ் வைத்த ஷூ, தொப்பி. பாக்கெட்டில் ஒரு குறிப்பேடு, எழுத ஒரு பேனா. அடையாள அட்டையை இடுப்புக்கு மேல், சட்டைக்கு வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும். போலீஸ் மாதிரி, ராணுவம் மாதிரி உடுப்பு போட்டால் அந்தக் காவலருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. "கெத்தாக இருக்கட்டும்" என்று காக்கியும் நட்சத்திரமும் கேட்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்காதீர்கள், மாட்டுவது வாசலில் நிற்கும் அந்த மனிதர்.

சிட்லபாக்கம்_ஓய்வூதியர்

ஹவில்தார் சார், ஒரு கிலோமீட்டர் ஆறு நிமிடம் என்றால், இப்போது எங்கள் வாசலில் இருக்கும் பெரியவரை எடுத்துவிட வேண்டியதுதான். எட்டு வருடமாக இருக்கிறார். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 65ஐத் தாண்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரை விதியைக் காட்டி அனுப்புவது நியாயமா?

பழைய_ஹவில்தார்

ஐயா, 65 தாண்டியவரை ஏஜென்சி காவலராக வைக்கக் கூடாது, அது தெளிவு. சண்டை, தீ என்று வந்தால் அவரும் ஆபத்தில் மாட்டுவார். ஆனால் தோட்டம், தண்ணீர் மோட்டார், பார்சல் வாங்கி வைப்பது, இதற்கெல்லாம் உங்கள் சங்கமே பகல் நேர வேலையாக வைத்துக்கொள்ளலாமே. எட்டு வருடத்தில் அவருக்குப் பணிக்கொடை என்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

லேபர்கோர்ட்_வக்கீல்

ஹவில்தார் சார் தொட்டது பெரிய விஷயம். பணிக்கொடைக்குப் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். இங்கே வாசலும் ஆளும் மாறுவதில்லை, ஏஜென்சி மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் அவருடைய சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது வருடம் காவல் காத்துவிட்டு ஒரு பைசா இல்லாமல் போனவர்களின் வழக்குகள் என்னிடம் வந்திருக்கின்றன. ஏஜென்சியை மாற்றும் முன், பழைய கணக்கை முடித்துப் பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி கேளுங்கள். கடைசி பில்லை அதற்குப் பிறகு கொடுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கடைசி பில்தான்.

நேரடியாக ஆள் வைப்பது பற்றியும் செயலர் கேட்டிருந்தார். பசாரா சட்டம் ஏஜென்சி தொழிலைக் கட்டுப்படுத்துகிறது. சங்கம் தன் வாசலுக்குத் தானே ஆள் வைத்தால் அந்த லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அப்போது முதலாளி நீங்கள். கூலி, வேலை நேரம், விடுமுறை எல்லாம் உங்கள் பொறுப்பு. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பொருந்தும், பொதுவாக முதலாவதற்கு 20 பேர், இரண்டாவதற்கு 10 பேர். பயிற்சி பற்றியும் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து. ஊரில் எத்தனையோ வாட்ச்மேன்கள் படிக்கட்டுக்கு அடியில் குடும்பத்தோடு தங்கி, வாடகை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மிகக் குறைந்த கூலிக்கு 24 மணி நேரமும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றி பசாரா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேலையூர்_அம்மா

நேரடியாக வைத்தாலும் போலீஸ் சரிபார்ப்பை விடாதீர்கள். 2018ல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு வெளியே வந்தபோது இந்த நகரத்தில் பெண் குழந்தை வைத்திருந்த எந்த வீடும் நிம்மதியாகத் தூங்கவில்லை. குடியிருப்பில் வேலை பார்த்தவர்களே குற்றவாளிகள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வேலைக்கு வருபவரைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம்.

அதே நேரம், எங்கள் குடியிருப்பில் வேறொன்று நடக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையைப் போகும்போது செக்யூரிட்டி திறந்து பார்க்க வேண்டும் என்று கமிட்டி உத்தரவு. ஆண் காவலர் ஒரு பெண்ணின் பையைக் கிளறுகிறார், அவள் தலை குனிந்து நிற்கிறாள். இதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா?

லேபர்கோர்ட்_வக்கீல்

கிடையாது மேடம். தனியார் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் இல்லை. சம்மதம் இல்லாமல் யாருடைய பையையும் உடலையும் சோதிக்க முடியாது. சாதாரணக் குடிமகனுக்கு என்ன உரிமையோ அதுதான் அவருக்கும். தன் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பிடித்து வைக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. காவலர் அறையில் அடைத்து வைத்து விசாரிப்பது, அடிப்பது எல்லாமே குற்றம். சொன்னவர்கள் கமிட்டியாக இருந்தாலும் மாட்டுவது காவலர்தான், பிறகு கமிட்டியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவிலில் காவலாளியாக இருந்த இளைஞர், பக்தர் ஒருவரின் காரில் நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்டு, போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார். கார் சாவியைக் கொடுத்து வண்டியை நிறுத்தச் சொன்னதிலிருந்துதான் அது தொடங்கியது. அந்தச் சாவு போலீஸ் செய்த கொடுமை, அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நாம் ஒன்று செய்யலாம். கார் சாவி, வீட்டுச் சாவி, பணம், நகை எதையும் காவலர் கையில் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாசலிலேயே ஒட்டிவிடுங்கள். ஏதாவது காணாமல் போனால் முதலில் சந்தேகப்படுவது அவரைத்தான். கமிட்டி அவருக்குத் துணையாக நிற்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நைட்_டியூட்டி

நன்றி சார். சாவி வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் திமிர் என்கிறார்கள். எழுதி ஒட்டியிருந்தால் விரலால் காட்டிவிடலாம்.

மாட்டுங்கா_தமிழன்

மும்பையிலிருந்து எழுதுகிறேன். மகாராஷ்டிராவில் 1981லேயே காவலர்களுக்கு என்று தனிச் சட்டம் போட்டார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களான மாத்தாடிகளுக்கு வாரியம் இருந்ததைப் பார்த்து, அதே மாதிரி. முதலாளி தரப்பு, காவலர் தரப்பு, அரசு தரப்பு மூன்றும் உட்கார்ந்த வாரியம். காவலர் வாரியத்தில் பதிவு செய்துகொள்வார், நிறுவனம் வாரியத்திடம் ஆள் கேட்கும். சம்பளத்தையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் நிறுவனம் வாரியத்தில் கட்ட வேண்டும். பிஎஃப், பணிக்கொடை, போனஸ் எல்லாம் வாரியமே பார்த்துக்கொள்ளும். வேலை செய்யும் இடம் மாறினாலும் சர்வீஸ் அறுபடாது.

இங்கேயும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதே அளவு சலுகை தருகிறோம் என்று சொல்லி விலக்கு வாங்கிய ஏஜென்சிகள் நிறைய. நம் குடியிருப்புகளில் நிற்பது பெரும்பாலும் அவர்களுடைய ஆட்கள்தான். ஆனாலும் வாரியக் காவலர் என்றால் அவருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது.

கோவை_ஏஜென்சி

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், ஏஜென்சிக்காரனாக இருந்தும். சம்பளத்தை வாரியமே வாங்கிக் கொடுக்கும் முறை தமிழ்நாட்டில் வந்தால் 18,500 விலை கொடுப்பவர் ஒரே நாளில் காணாமல் போவார். பயிற்சி, மேற்பார்வை, ஒழுக்கம் இவற்றில் மட்டும் நாங்கள் போட்டி போட்டால் போதும்.

சேலையூர்_அம்மா

ரோந்து பற்றி ஒருவரும் பேசவில்லையே. எங்கள் தெருவில் முன்பு ஒரு கூர்க்கா இருந்தார். இரவில் விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தட்டிக்கொண்டு போவார், மாதம் பிறந்ததும் வீடு வீடாக வந்து பணம் வாங்குவார். இப்போது ஏஜென்சி பைக் ரோந்து, வந்து போனதற்கு அடையாளமாக வழியில் ஒட்டியிருக்கும் கோடை மொபைலில் ஸ்கேன் செய்கிறார்கள். இதற்கு என்ன விதி?

லேபர்கோர்ட்_வக்கீல்

ஏஜென்சி மூலம் ரோந்து என்றாலும் அதே பசாரா லைசென்ஸ்தான், அதே பயிற்சி, அதே அடையாள அட்டை. ஒரு மனிதரையோ சொத்தையோ காப்பதற்கான சேவை என்று பொதுவாகத்தான் சட்டம் சொல்கிறது, நின்று காப்பதா நடந்து காப்பதா என்று பிரிக்கவில்லை.

வேறு கவனம் வேண்டியது தெருவில். குடியிருப்புக்குள் வருபவரிடம் யார், எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாம். தெரு மாநகராட்சியுடையது. அங்கே நடந்து போகிறவரை நிறுத்தி அடையாள அட்டை கேட்கவோ, வண்டிச் சாவியைப் பிடுங்கவோ, இரவில் தெருவுக்கு கேட் போட்டுப் பூட்டவோ எந்த நலச்சங்கத்துக்கும் உரிமை இல்லை. ரோந்துக்காரரின் வேலை பார்ப்பது, விசில் அடிப்பது, 100க்கோ 112க்கோ போன் செய்வது, நேரத்தைக் குறித்து வைப்பது. தொடங்கும் முன் உள்ளூர் காவல் நிலையத்தில் ரோந்து ஆட்களின் பெயர், புகைப்படம், நேரம் எழுதிக் கொடுங்கள். பீட் போலீஸ்காரருக்கு இவர்களைத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

பழைய_ஹவில்தார்

ரோந்து என்றால் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகக் கூடாது. பத்து மணிக்கு விசில் கேட்டால் அடுத்தது பன்னிரண்டுக்குத்தான் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். ஸ்கேன் செய்யும் ஆப்பில் நேரத்தை இறுக்கிப் பிடித்து, ஐந்து நிமிடம் தாமதித்தால் சம்பளப் பிடித்தம் என்று சில ஏஜென்சிகள் வைத்திருக்கின்றன. அப்படி வைத்தால் அந்தப் பையன் பைக்கை விரட்டி ஸ்கேன் மட்டும் செய்வான், எதையும் பார்க்க மாட்டான்.

கிழக்குத்தாம்பரம்_செயலர்

நேற்று பொதுக்குழு நடந்தது. கோவை நண்பரின் கணக்கை அப்படியே பலகையில் எழுதினேன். நீண்ட நேரம் விவாதம்.

முடிவு இது. இரவிலும் பகலிலும் பின்வாசலைப் பூட்டிவிட்டு கேமரா வைக்கிறோம். முன்வாசல், கார் நிறுத்துமிடம் என இரண்டு இடம் மட்டும், எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட். ஆட்கள் அதே ஆறு பேர். வார விடுமுறைக்கு ஏழாவது ஆள் ஏஜென்சி தர வேண்டும். அந்தக் கணக்கில் மாதம் 1,66,710. 18,500 விலைக்கு எடுத்திருந்தால் 1,11,000. வீட்டுக்கு 663 ரூபாய் வித்தியாசம். ஓய்வூதியர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. கிளப் அறை ஏசியையும் புத்தாண்டு விழாச் செலவையும் குறைத்து அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டுவது என்று பேசி முடித்தோம். தீர்மானம் நிறைவேறியது, ஒருமனதாக அல்ல.

நைட் டியூட்டி அண்ணா சொன்ன கேள்வி கூட்டத்திலும் வந்தது. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் 12 மணி நேரமே வேண்டும் என்கிறார்கள். அதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. எட்டு மணி நேரச் சம்பளம் முன்பு 12 மணிக்கு வாங்கியதை விடக் குறையக் கூடாது என்று மட்டும் ஏஜென்சியிடம் சொல்லியிருக்கிறோம்.

ஒப்பந்தத்தில் சேர்த்தவை: மாவட்டம் குறித்த லைசென்ஸ் நகல், ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு, மாதாமாதம் பிஎஃப், இஎஸ்ஐ சலான், கழிவறை, நாற்காலி, சாவி வாங்கக் கூடாது, பை சோதனை கூடாது. தெரு ரோந்தில் இப்போதைக்குச் சேரவில்லை. எதையாவது விட்டுவிட்டேனா?

லேபர்கோர்ட்_வக்கீல்

இரண்டு விஷயம். சலான் மட்டும் போதாது, அதில் உங்கள் ஆறு பேர் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஎஃப் பாஸ்புக்கை அரசின் உமாங் ஆப்பில் அவர்களே திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், கமிட்டியில் ஒரு இளைஞரை அதற்கு விடுங்கள். அப்புறம், சம்பளம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் பில்லைத் தாமதித்தாலும் அவர்கள் சம்பளம் தாமதிக்கக் கூடாது.

பழைய_ஹவில்தார்

பின்வாசலைப் பூட்டுவதாகச் சொன்னீர்கள். தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் வர முடியும் என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கம்தான் என்றால் பூட்டின் சாவி முன்வாசல் கேபினில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் சாவி இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு முறை பூட்டைத் திறந்து எண்ணெய் போடச் சொல்லுங்கள்.